பிராதில் இரண்டு கோரிக்கை

உலகநாதன் கொளஞ்சியப்பருக்கு எழுதிய பிராதில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. இடப்பக்கம் மார்ஜின்கூட விட்டிருந்தான். பிளஸ் டூ முடித்தவன் எழுதுகிற மனு எப்படி இருக்கவேண்டுமோ அப்படித்தான் இருந்தது. கெட்டதெல்லாம் அந்தப் படிப்பால்தான் கெட்டது.

விருத்தாசலத்துக்காரர்களுக்கு இதைச் சொல்லவேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்வதென்றால், பக்கத்திலிருக்கும் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பராக இருக்கும் முருகனிடம் வாயால் அழுதுவிட்டு வந்தால் போதாது. எழுதிக் கொடுக்கவேண்டும். மனுதாரர் யார், எதிரி யார், என்ன குறை, என்ன வேண்டும் என்று கோர்ட்டுக்கு எழுதுவதுபோல எழுதி, சாமி காலடியில் வைத்து வாங்கி, சுருட்டி, அதே கோயிலில் காவலிருக்கும் முனியப்பர் முன்னால் நிற்கும் வேலில் கட்டிவிட்டு வரவேண்டும். அதுதான் பிராது. தொண்ணூறு நாளில் தீர்ப்பு என்பது நம்பிக்கை. தீர்ந்தபிறகு மறக்காமல் போய், வழக்கு முடிந்தது என்று ராஜினாமா எழுதிக் கட்டவேண்டும். திருடுபோன மாட்டுக்கும், திரும்பி வராத மாப்பிள்ளைக்கும் ஜனங்கள் அங்கே பிராது கட்டியிருக்கிறார்கள். உலகநாதன் கட்டியது இப்படி:

'மனுதாரர்: கு. உலகநாதன், வயது 20, பீங்கான் பொம்மைத் தொழிலாளி. எதிரி: இளமதி, வயது 19, மேற்படி இடத்தில் பொம்மைகளுக்குக் கண் எழுதுபவர். குறை: எதிரியின் அருகில் செல்லும்போதெல்லாம் மனுதாரருக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, உடம்பு வேர்த்து, தலை வெடிப்பதுபோல் வலிக்கிறது. கோரிக்கை: ஒன்று, மேற்படி இளமதியை மனுதாரருக்கே மணம் முடித்துத் தரவேண்டும். அதற்கு வழியில்லாவிட்டால், இரண்டு, இந்தப் படபடப்பையாவது நிறுத்தித் தரவேண்டும்.'

இரண்டாவது கோரிக்கையை எழுதும்படி அவனை யாரும் கேட்கவில்லை. ரயில்வேக்கும் பேங்குக்கும் விண்ணப்பம் போட்டுப் போட்டு, முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று எழுதிப் பழகிய கை. சாமிக்கும் அப்படியே எழுதிவிட்டது. ஒன்று இல்லையென்றால் இன்னொன்றாவது கிடைக்குமே என்று சமர்த்தாக நினைத்துக்கொண்டு சைக்கிளை மிதித்து வீடு திரும்பினான். இது நடந்தது தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஆடி மாதம்.

செராமிக் எஸ்டேட்டில் தர்மராஜ் என்பவரின் சின்ன யூனிட்டில் அவனுக்கு வேலை. மண்கூழை அச்சில் ஊற்றி, இறுகியதும் அச்சைப் பிரித்து, நாய்க்குட்டியோ அன்னமோ பிள்ளையாரோ எதுவானாலும் முனை மழித்துக் காயவைக்கவேண்டும். சூளையிலிருந்து வெள்ளை வெளேரென்று வெளியே வந்தபின் தட்டில் அடுக்கிக் கண் எழுதும் இடத்துக்குக் கொண்டுபோய் வைக்கவேண்டும். கண் எழுதுகிறவள் இளமதி. ஜன்னலோரச் சுவரை ஒட்டி உட்கார்ந்திருப்பாள். இடது கைக்காரி. மெல்லிய தூரிகையை இடது கையில் பிடித்து, பொம்மைகளைத் தட்டிலிருந்து எடுக்காமலே, ஒரு நாய்க்குட்டிக்கு இரண்டு புள்ளி, அடுத்ததற்கு இரண்டு புள்ளி என்று மழைத் தூறல்போல வைத்துக்கொண்டே போவாள். வலப்பக்கம் ஆட்கள் நடக்கும் வழி. இடப்பக்கம், சுவருக்கும் அவளுக்கும் நடுவே, இடுப்புயரத்தில் சுவரில் அடித்த ஒரு மர அலமாரி நீட்டிக்கொண்டிருக்கும். அங்கே தட்டு வைக்க வேண்டுமென்றால் உடம்பை இரண்டாக மடித்து அலமாரிக்குக் கீழே நுழையவேண்டும். உலகநாதன் அங்கேதான் வைப்பான். பொம்மைகளின் முகத்தை அவள் பக்கம் திருப்பியும் வைப்பான்.

வைத்துவிட்டு நிமிரும்போதுதான் வரும். முதலில் நெஞ்சுக்குள் யாரோ உலக்கை போடுவார்கள். பிறகு சட்டை நனையும். பிறகு பின்மண்டையில் வலி. கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிடும், ஒன்றுமே நடக்காததுபோல.

இதற்கு அவன் கண்டுபிடித்த பேர் காதல். இருபது வயதில் ஒரு பெண் பக்கத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டால் வேறு என்ன பேர் வைப்பது? உள்ளூர் கொட்டகையில் பார்த்த அத்தனை படமும் அவன் கட்சிதான் பேசின.

எதிர்சாட்சி இல்லாமலில்லை. வீட்டில் தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கும்போதும் வந்தது. அப்போது இளமதியை நினைத்துக்கொண்டிருந்திருப்பேன் என்று முடிவு செய்தான். ஒருநாள் முதலாளி தர்மராஜின் பேனா மேஜைக்கடியில் விழுந்தது. அதைக் குனிந்து எடுத்துக் கொடுத்தபோதும் நெஞ்சு அதே வேகத்தில் அடித்தது. ஐம்பத்தெட்டு வயசு, வழுக்கை, பொடி போடுகிற மனிதர். அன்றைக்கு உலகநாதன் கொஞ்சம் குழம்பினான். ஆனால் காதல் கண்ணை மறைக்கும் என்பார்கள் அல்லவா? அவனுக்கு அது கணக்கையும் மறைத்தது.

கூட வேலைபார்த்த மணிபாரதிக்குத்தான் முதலில் தெரிந்தது.

"ஏன்டா உலகு, எல்லாருக்கும் லவ்வு வந்தா மூஞ்சி செவக்கும். ஒனக்கு மட்டும் என்னாடா வெளுக்குது?"

இளமதியும் அதைக் கவனித்திருந்தாள். ஒருநாள் பொம்மையிலிருந்து தூரிகையை எடுக்காமலே கேட்டாள்: "ஏங்க, என் பக்கம் வந்தாலே சுண்ணாம்பு அடிச்ச செவுரு மாதிரி ஆயிடுறீங்களே, அவ்ளோ அசிங்கமாவா இருக்கேன்?"

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று உலகநாதன் சொல்லிவிட்டான். "அதில்லைங்க. ஒங்களைப் பார்த்தா நெஞ்சு அடிச்சிக்குது. பொய்யில்ல. வேணும்னா தொட்டுப் பாருங்க."

"தொட்டெல்லாம் பாக்க முடியாது" என்றாள் அவள். அந்த நாய்க்குட்டிக்கு மட்டும் கண் கொஞ்சம் மேலே போய்விட்டது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். "பாக்கலாம்."

பாக்கலாம் என்பது தொட்டுப் பார்க்கலாம் என்றா, யோசித்துப் பார்க்கலாம் என்றா என்று அவன் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டான். நான்காம் நாள்தான் மணவாளநல்லூருக்குப் போய்ப் பிராது கட்டினான்.

கட்டி இருபதாவது நாள் சாமி விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

அன்று தட்டில் நாற்பது அன்னங்கள். அலமாரிக்கடியில் நுழைந்து தட்டை வைத்தான், நிமிர்ந்தான். உலக்கை விழுந்தது. வழக்கத்தைவிடப் பலமான உலக்கை. கண் இருட்டியது. அவன் விழுந்ததில் அலமாரி ஆடி, நாற்பதில் பதினொரு அன்னம் மிஞ்சியது. மிஞ்சிய அன்னங்களுக்குப் பக்கத்தில் அவனும் கிடந்தான். காதலில் விழுந்தவர்கள் உண்டு. காதலில் விழுந்து முதலாளியின் சரக்கை உடைத்தவன் செராமிக் எஸ்டேட்டிலேயே அவன் ஒருவன்தான்.

பாலக்கரைப் பக்கம் ஒரு டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனார்கள். அவர் பிரஷர் பார்த்தார். பாதரசம் உச்சிக்குப் போனது. நம்பாமல் அரை மணி கழித்துப் பார்த்தார். நல்ல பிள்ளையாகக் கீழே நின்றது. இருபது வயதுப் பையனுக்கு இப்படி ஏறி இறங்கினால் ஏதோ காரணம் இருக்கும் என்று, புதுச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அங்கே அவனைப் பார்த்தவர் டாக்டர் சௌந்தர்யா. மேல்படிப்புப் படித்துக்கொண்டே வைத்தியம் பார்க்கிறவர். அவனைவிட ஏழெட்டு வயது மூத்திருப்பார். அவன் சொல்லச் சொல்ல வேகமாக எழுதினார்.

"எப்பல்லாம் வருது?"

உலகநாதன் அம்மாவைப் பார்த்தான். அம்மா கொளஞ்சியம்மாள் பக்கத்திலேயே பையோடு நின்றிருந்தாள். "ஒரு பொண்ணு பக்கத்துல போனா வருதுங்க."

"அடப்பாவி" என்றாள் அம்மா.

"பொண்ணு இல்லாதப்ப?"

"தண்ணி தூக்கறப்ப. அப்புறம்... எங்க முதலாளி பேனா எடுத்துக் குடுக்கறப்ப."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "எழுந்து நில்லுங்க. இப்பக் குனிஞ்சு உங்க செருப்பைத் தொடுங்க. நல்லா மடங்கி."

தொட்டான். நிமிர்ந்தான். உலக்கை. சட்டை நனைந்தது. டாக்டரம்மா பக்கத்தில் நின்றிருக்க நெஞ்சு அடித்தபோது அவனுக்கு அவமானமாகப் போய்விட்டது. தன்னைப்போல் ஒழுக்கங்கெட்டவன் உண்டா என்று நினைத்துக்கொண்டான். அவரோ பிரஷர் கருவியைப் பார்த்துவிட்டு, பரீட்சையில் தெரிந்த கேள்வி வந்ததுபோலச் சிரித்தார்.

"கிட்னி ரெண்டுக்கும் மேல தொப்பி மாதிரி ஒரு சுரப்பி இருக்கு, தெரியுமா?"

"அட்ரினல் சுரப்பிங்க. ஆபத்துக் காலத்துல இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் கூட்டும். அஞ்சு மார்க் கேள்வி. படம் போட்டுப் பாகம் குறிச்சேன்."

"எத்தனை மார்க் வந்துச்சு?"

"அஞ்சுக்கு அஞ்சுங்க."

சொல்லும்போதே அவனுக்கு உறைத்தது. ஐந்துக்கு ஐந்து வாங்கிய கேள்வி ஒரு வருஷமாக அவன் வயிற்றுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அவன் அதற்கு விடையாகக் காதல் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறான்.

டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அட்ரினலின், நார் அட்ரினலின், டோபமைன் என்று ஒரு குடும்பம். மொத்தக் குடும்பத்துக்கும் கேட்டகோலமைன் என்று பேர். நாய் துரத்தினால் சுரப்பி இதை ரத்தத்தில் விடும், நெஞ்சு அடிக்கும், ஓடுவோம். சிலருக்கு, லட்சத்தில் ஒருவருக்குக்கூட இருக்காது, அந்தச் சுரப்பியில் ஒரு கட்டி வரும். நாய் இல்லாமலே அது கேட்டகோலமைனைப் பீய்ச்சும். குனிந்தால், கனம் தூக்கினால், கட்டி அமுங்கும். அமுங்கினால் பீய்ச்சும். விட்டுவைத்தால் ஒருநாள் மூளையில் ரத்தக்குழாய் வெடிக்கலாம். எடுத்துவிட்டால் அநேகமாகச் சரியாகிவிடும்.

லட்சத்தில் ஒருவன் என்றதும் உலகநாதனுக்கு, சாகக்கூடும் என்ற பயத்துக்கு நடுவிலும், கொஞ்சம் பெருமையாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவை அவன் ஒரு விஷயத்தில் முதலாவதாக வந்திருக்கிறான்.

கட்டிதான் என்று உறுதி செய்ய ஒரு சோதனை வேண்டும். ஒருநாள் முழுக்க, இருபத்துநாலு மணி நேரத்துச் சிறுநீரையும் ஒரு சொட்டு விடாமல் பிடித்து வரவேண்டும். அதற்குமுன் மூன்று நாள் காபி, டீ, வாழைப்பழம், வெனிலா போட்ட ஐஸ்கிரீம் எதுவும் கூடாது. பிளாஸ்டிக் கேன் ஒன்று கொடுத்தார். அடியில் கொஞ்சம் ஆசிட் இருந்தது. கெடாமலிருக்க அது வேண்டும், கொட்டிவிடாதீர்கள் என்றார்.

கொளஞ்சியம்மாள் பஸ் ஏறியதிலிருந்து அந்தக் கேனையே பார்த்துக்கொண்டு வந்தாள். வீடு சேர்ந்ததும் சொல்லிவிட்டாள். "படிச்ச பொண்ணு, பாவம், அதுக்கு என்னா தெரியும். பிளாஸ்டிக்குல ஆசிட்டு ஊத்தி வெச்சா ஓட்ட வுழாதா? ஆசிட்டுக்குன்னே நம்மூருல ஜாடி பண்ணி ஊரு ஊரா அனுப்புறோம். நம்ம வூட்டுல இல்லாத ஜாடியா?"

மகனுக்கும் அது நியாயமாகவே பட்டது. பீங்கான் ஊரில் பிறந்துவிட்டுப் பிளாஸ்டிக்கை நம்புவதா? பரண்மேல் ஒரு பழுப்பு நிற ஜாடி இருந்தது. ஏதோ பழுது என்று ஜாடி செய்யும் பக்கத்து யூனிட்டில் ஒதுக்கிப் போட்டதை எப்போதோ எடுத்து வந்தது. ஜாடியை விரலால் சுண்டிக் கேட்பது அந்த ஊர்ப் பழக்கம். நல்ல ஜாடி மணிபோல் சொல்லும், கீறல் உள்ளது கட்டைக்குரலில் சொல்லும். சுண்டிப் பார்த்தே தரம் பிரிக்கிறவன் என்று பேர் வாங்கியிருந்த உலகநாதனுக்கு அன்றைக்கு அது தோன்றவில்லை. ஜாடிக்குள் போகப்போகும் சரக்கை நினைத்துக் கூச்சம். மூன்று நாள் பத்தியம் முடிந்ததும் ஆசிட்டை ஜாடிக்கு மாற்றினார்கள். ஒருநாள் முழுக்கச் சொட்டு விடாமல் பிடித்தான். வாயைத் துணியால் இழுத்துக் கட்டி மடியில் வைத்துக்கொண்டு மறுநாள் காலை தனியாகப் புதுச்சேரி பஸ் ஏறினான்.

நெய்வேலியில் ஓர் அம்மா தன் மகளோடு ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்னா தம்பி, ஊறுகாயா?"

ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு இல்லை என்று எப்படிச் சொல்வது? "ஆமாங்க."

"என்னா ஊறுகா?"

"எலுமிச்சைங்க."

"எம்மவ மசக்கையில ஒண்ணும் வாயில வெக்க மாட்டேங்குது சாமி. ஒரே ஒரு துண்டு குடேன்."

"இன்னும் ஊறலைங்க."

"ஊறலன்னா என்னா? அதுக்குப் புளிப்புதான வேணும்."

"டாக்டருக்குக் கொண்டு போறதுங்க."

"ஏன், டாக்டரும் மசக்கையா?"

பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். உலகநாதன் ஜாடியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான். வடலூர் தாண்டியதும் அந்த மகள்தான் முதலில் கண்டாள். "அம்மா, அவரு ஊறுகா ஒழுவுதும்மா."

குனிந்து பார்த்தான். ஜாடியின் அடியில் மயிரிழைக் கீறல், பஸ் குலுக்கிய குலுக்கலில் வாய் திறந்திருந்தது. பேண்ட் நனைந்திருந்தது. நனைந்த இடத்தைப் பார்க்கிற எவனும் ஜாடியைச் சந்தேகப்பட மாட்டான். ஆசிட்டு வேறு லேசாக எரிந்தது. தாயும் மகளும் எழுந்து முன்சீட்டுக்குப் போனார்கள். புதுச்சேரி வரை அந்தச் சீட்டில் அவன் ராஜாபோலத் தனியாக உட்கார்ந்து போனான்.

டாக்டர் சௌந்தர்யா ஜாடியை எட்டிப் பார்த்தார். "பாதிதான் இருக்கு. மொத்த அளவு தெரியாம ஒண்ணும் பண்ண முடியாதே. நான் குடுத்த கேன் எங்கங்க?"

"அதுல அம்மா மண்ணெண்ணெய் வாங்கப் போயிருக்காங்க."

சிரிப்பை அடக்க அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னொரு கேன் கிடைத்தது. இன்னொரு மூன்று நாள் டீ இல்லாமல் கழிந்தது. இந்த முறை கேன் கேனாகவே போனது.

சோதனை, கட்டிதான் என்றது. ஸ்கேன் எடுத்ததில் வலது கிட்னிக்கு மேலே, எலுமிச்சம்பழ அளவு இருந்தது. பஸ்ஸில் அவன் சொன்ன பொய்யில் பழத்தின் பேராவது சரியாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டு வாரம் மாத்திரை சாப்பிட்டு, மாத்திரை ரத்தக்குழாயைத் தளர்த்துவதால் இந்த நோய்க்கு மட்டும் உணவில் உப்பைக் கூட்டி, பிரஷரை அடக்கிய பிறகு ஆபரேஷன் என்று தேதி குறித்தார்கள்.

அந்த இரண்டு வாரத்தில் அவனைப் பிடித்து ஆட்டியது கத்தி பயமல்ல. இளமதியிடம் சொன்னதைத்தான் நினைத்து நினைத்து மாய்ந்தான். நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பதைத் தவிர வேறு ஆதாரம் எதையும் அவன் அவளிடம் காட்டியதில்லை. அந்த ஆதாரமோ ஒரு கட்டியின் கைவேலை. அவளுக்கு நல்லூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது என்று மணிபாரதி சொன்னான். இந்த நிலையில் பேசாமலிருப்பது பொய். பேசுவது முட்டாள்தனம். முட்டாள்தனம் அவனுக்குப் பழக்கப்பட்டது என்பதால் அதையே தேர்ந்தெடுத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் யூனிட் பின்னாலிருந்த குழாயடியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். சுரப்பி, கட்டி, கேட்டகோலமைன், குனிந்தால் பீய்ச்சுவது, முதலாளியின் பேனா, எதையும் விடவில்லை. புரியவேண்டுமே என்று தரையில் குச்சியால் படம்கூடப் போட்டுப் பாகம் குறித்தான்.

இளமதி டிபன் பாக்ஸைக் கழுவி முடித்து நிமிர்ந்தாள்.

"அப்ப அன்னிக்கு எங்கிட்ட சொன்னது நீங்க இல்ல. ஒங்க கட்டி."

"அது... தெரியலைங்க."

"தெரியலையா? நான் இங்க நல்லூரு மாப்பிளைக்கி பதில் சொல்லாம எங்கம்மாகிட்டத் திட்டு வாங்கிக்கினு இருக்கேன். நீங்க தெரியலைங்கறீங்க." டிபன் பாக்ஸை உதறியதில் அவன் முகத்தில் தண்ணீர் தெறித்தது. தெரியாமல் தெறித்ததுபோல் இல்லை. "போயி அதை எடுத்துட்டு வாங்க. எடுத்தப்புறம் என்னைப் பார்த்து, இருந்தா இருக்குதுன்னு சொல்லுங்க, இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் எங்கம்மாவ நான் பாத்துக்கறேன்."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. விலாவுக்குக் கீழே ஒரு நீளத் தையல். மூன்றாம் நாள் டாக்டர் சௌந்தர்யா கட்டியைக் கண்ணாடி ஜாரில் கொண்டுவந்து காட்டினார். ஒரு வருஷம் தன்னைப் பாட்டு முணுமுணுக்க வைத்த பொருளை உலகநாதன் மரியாதையோடு பார்த்தான். மஞ்சளும் பழுப்புமாக, முனை மழிக்காத களிமண் உருண்டைபோல இருந்தது.

"டாக்டர், ஒண்ணு கேக்கலாங்களா? ஒருத்தர் மேல ஆசை இருக்குதா இல்லையான்னு இதே மாதிரி டெஸ்ட் பண்ணிப் பாக்க முடியுமா? கேன்ல எவ்ளோ வேணும்னாலும் பிடிச்சிட்டு வரேன்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதே குடும்பம் மூளைக்குள்ளயும் வேலை செய்யுதுங்க. டோபமைன், நார் அட்ரினலின் ரெண்டும் அங்க இருக்கு. ஆசை, கவனம், திரும்பத் திரும்ப ஒண்ணையே தேடிப் போறது, இதுக்கெல்லாம் அதுதான் காரணமா இருக்கும்னு எலியை வெச்சு உலகம் பூரா ஆராய்ச்சி பண்ணிட்டிருக்காங்க. ஆனா உடம்புல ஓடுறது மூளைக்குள்ள சுலபமாப் போகாது. நடுவுல ஒரு தடுப்பு இருக்கு."

"ஜாடிக்கு உள்பூச்சு மாதிரிங்களா?"

"கீறல் விழாத ஜாடின்னு வெச்சுக்குங்க. அதனால உங்க கட்டிக்கு யாரையும் பிடிக்கவும் பிடிக்காது, பிடிக்காமப் போகவும் போகாது. அது நெஞ்சைத்தான் ஆட்டும். நெஞ்சு ஆடுறதைப் பார்த்து மூளை காரணம் தேடும். கண்ணுக்கு முன்னாடி யாரு இருக்காங்களோ அவங்களைக் காரணம்னு நினைச்சுக்கும்."

"அப்ப உள்ள இருக்கறத எப்படிங்க தெரிஞ்சிக்கறது?"

"கேன்ல பிடிச்சுத் தெரியாது. என் தீசிஸ்ல இந்தக் கேள்விக்குப் பதில் இல்லைங்க" என்றார் அவர்.

பிராது கட்டி எண்பத்தாறாவது நாள் அவன் வேலைக்குத் திரும்பினான். கனம் தூக்கக்கூடாது என்று முதலாளி ஒரு சின்னத் தட்டு கொடுத்தார். பன்னிரண்டு நாய்க்குட்டிகள். எடுத்துக்கொண்டு நடந்தான். அலமாரிக்கடியில் மடங்கி, தட்டை வைத்து, முகங்களைத் திருப்பி, நிமிர்ந்தான்.

ஒன்றுமில்லை.

மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தான். சுவர்க்கடிகாரம்போல டக், டக் என்று போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் அவனுக்குப் பிராது ஞாபகம் வந்தது. சாமி இரண்டாவது கோரிக்கையை நிறைவேற்றிவிட்டார்! முதலாவதற்கு வழியில்லாவிட்டால் இரண்டாவது என்று அவனே தன் கையால், மார்ஜின் விட்டு எழுதிக் கொடுத்திருக்கிறான். இரண்டாவது கிடைத்தது என்றால் முதலாவதற்கு வழியில்லை என்று அர்த்தம். கொளஞ்சியப்பர் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

ஒருவேளை சரியாகக் குனியவில்லையோ என்று மறுபடி குனிந்து நிமிர்ந்தான். மறுபடியும். தையல் இழுத்ததே தவிர நெஞ்சு அசையவில்லை.

"என்னா, தோப்புக்கரணமா?" என்றாள் இளமதி.

"வரலைங்க. ஒங்க பக்கத்துல நின்னும் ஒண்ணும் வரலைங்க. டக் டக்குன்னு போவுது."

"சரி."

"சரியில்லைங்க. நான் கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டியிருந்தேன்." அதையும் சொன்னான், இரண்டு கோரிக்கையையும், எதிரி என்று அவள் பேரை எழுதியதையும். மணிபாரதி அச்சில் ஊற்றிய கூழ் வழிந்து தரையில் ஓடுவது தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நான் எதிரியா?"

"ஃபார்மாட்டு அப்படிங்க."

அவள் தூரிகையைத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். "நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்ப தட்டு யாரு கொண்டாந்து வெச்சாங்க தெரியுமா? இவரு." மணிபாரதியைக் காட்டினாள். "நீங்க வேலைக்கு வர்றதுக்கு முன்னாடி யாரு யாரோ. எல்லாரும் சோத்தாங்கைப் பக்கம் வெச்சுட்டுப் போயிடுவாங்க. நடக்கற வழி, சுலபம். நான் ஒவ்வொண்ணுக்கும் அந்தப் பக்கம் திரும்பித் திரும்பிக் கண்ணு வெச்சு, கழுத்து செத்துப் போச்சு. நீங்க மட்டுந்தான் இந்தப் பக்கம் நொழைஞ்சு வெக்கறீங்க. மூஞ்சியத் திருப்பி வெக்கறீங்க. நான் சொன்னனா?"

"இல்லைங்க."

"கட்டி சொல்லுச்சா?"

உலகநாதன் அலமாரியைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். பன்னிரண்டு நாய்க்குட்டிகளும் கண்ணில்லாத முகத்தோடு அவள் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. இப்போது, கட்டி போன பின்னும், யோசிக்காமல் அவன் வைத்த தட்டு. பிளஸ் டூ மூளை மெதுவாக ஓடியது. அவள் இடது கைக்காரி என்பதால் இந்தப் பக்கம் வந்தான். இந்தப் பக்கம் வந்ததால் மடங்கினான். மடங்கியதால் கட்டி அமுங்கியது. அமுங்கியதால் நெஞ்சு அடித்தது. விடையை அவன் கடைசி வரியிலிருந்து தலைகீழாகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். முதல் வரி முதலிலிருந்தே சரியாக இருந்திருக்கிறது.

"இருக்குதுங்க" என்றான்.

"என்னா இருக்குது?"

"நீங்க கேட்டது."

"நெஞ்சு?"

"அது சும்மா இருக்குது. அதை வுடுங்க."

"ஒங்க மூஞ்சி வெளுக்கல இன்னிக்கு" என்றாள் அவள், தூரிகையைத் தேடிக்கொண்டே. மணிபாரதி அப்போதுதான் தரையில் ஓடும் கூழைப் பார்த்து ஐயையோ என்று கத்தினான்.

தொண்ணூறாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. ராஜினாமா கட்டாமல் விட்டால் வழக்கு நிலுவையில் நிற்கும் என்று கொளஞ்சியம்மாள் காலையிலேயே விரட்டினாள். கோயில் வாசலில் உட்கார்ந்து, மார்ஜின் விட்டு, உலகநாதன் எழுதினான்: 'மேற்படி பிராதில் இரண்டாவது கோரிக்கையைத் தாங்கள் கருணையுடன் நிறைவேற்றித் தந்துவிட்டீர்கள். முதலாவது கோரிக்கையைப் பொறுத்தவரை, மனுதாரரும் எதிரியும் வெளியில் பேசி சமாதானமாகப் போய்விட்டபடியால், தாங்கள் அதில் சிரமப்படவேண்டியதில்லை.'

தன் பேரைக் கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டான். தனக்கும் ஒரு வேண்டுதல் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு தன் அம்மாவோடு கோயிலுக்கு வந்திருந்த இளமதி, காகிதத்தை வாங்கிப் படித்தாள். ஒருமுறை படித்து, இன்னொரு முறையும் படித்தாள்.

"எதிரி கையெழுத்து இல்லாம என்னாங்க சமாதானம்? பிளஸ் டூ படிச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியாது" என்று பேனாவை இடது கையில் வாங்கினாள்.